வடக்கு கூரையில் இல்லை: எங்கள் பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் பள்ளிக் குழு உறுப்பினர்களுக்கும்,

ஜூன் மாதம் பள்ளி திறந்த மூன்றாம் நாள் உங்கள் சுற்றறிக்கை ஆசிரியர் அறைக்கு வந்தது. பாட நேரத்தில் மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துப்போகக் கூடாது. முதல் நாளிலிருந்தே போர்ஷனைத் தொடங்க வேண்டும். அறிமுகம் தேவை என்றால் ஒவ்வொரு மாணவரும் எழுந்து நின்று பெயர், தெரு, தந்தை பெயர், தந்தையின் தொழில் சொன்னால் போதும். இவ்வளவுதான் அதில் இருந்தது. யார் பெயரும் இல்லை. ஆனாலும் அது யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். 17 வருடமாக முதல் வாரத்தில் பிள்ளைகளை வெயிலுக்கு இழுத்துப்போகிறவள் இந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான்.

விளக்கம் எழுதி அலுவலகத்தில் இரண்டு முறை கொடுத்தேன். பதில் வரவில்லை. இப்போது காலாண்டு விடுமுறையில் மேடைக்கு முன்னால் இருக்கும் மண் தரை முழுவதும் பேவர் பிளாக் பதிக்கப்போகிறார்கள், பெற்றோர் வண்டி நிறுத்த வசதியாக இருக்கும் என்று கேள்விப்படுகிறேன். பிள்ளைகளையே ஆறாக ஓடவிட்டு நான் புவியியல் நடத்தும் எங்கள் காவிரி ஓடுவது அந்த மண்ணில்தான். அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் காரணமான அந்த வீடியோவை நானும் பார்த்தேன். காம்பவுண்டுக்கு வெளியிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு கத்தியபடி ஓடுகிறார்கள். நடுவில் ஒரு பையன் நாற்காலியில் உட்கார்ந்து கையை உயர்த்துகிறான். நான் வாயில் விசிலோடு ஓரமாக நிற்கிறேன். "இதுக்குத்தான் பிள்ளைய அனுப்புறோமா?" என்ற ஒற்றை வரியோடு அது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைச் சுற்றி வந்தது. எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியிலிருந்து பார்த்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். நாற்காலியில் இருக்கும் பையன் மேட்டூர் அணை என்பது வீடியோவைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு ஜூனிலும் ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "வடக்கு எங்கே இருக்கு? எல்லாரும் கை காட்டுங்க." பாதி வகுப்பு கூரையைக் காட்டும். ஏதோ ஒரு வருடம் இப்படி நடந்தது என்று நினைக்க வேண்டாம். எல்லா வருடமும் இதுதான். மின்விசிறி சுற்றும் இடத்தில்தான் இமயமலை இருக்கிறது என்று அவர்கள் மனதார நம்புகிறார்கள். தெற்கு எங்கே என்றால் குனிந்து பெஞ்சுக்கு அடியில் காட்டுவார்கள்.

தப்பு அவர்கள் மேல் இல்லை. வரைபடத்தை ஆணியில் மாட்டி "மேல் பக்கம் வடக்கு" என்று சொல்லிக்கொடுத்தது நாம். போதாததற்கு நம் தமிழ் வேறு. வீட்டில் அவர்கள் கேட்டு வளர்ந்த 'மேல்' மேற்கு. மேலத்தெரு மேற்கே இருக்கிறது, கீழத்தெரு கிழக்கே. மலை இருக்கும் திசை மேற்கு, கடலை நோக்கித் தாழ்ந்து போகும் திசை கிழக்கு. தண்ணீர் ஓடும் சரிவைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைத்தவர்கள் நம் ஆட்கள். ஆக, வீட்டில் மேல் என்றால் மேற்கு, பள்ளிக்கூடச் சுவரில் மேல் என்றால் வடக்கு. பத்து வயதுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கூரையைக் காட்டுகிறது.

இதற்கு மருந்து காசில்லாதது. படத்தை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் விரித்து, அதன் வடக்கை நிஜ வடக்குப் பக்கம் திருப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காகிதப் படத்தில் நாற்பது பேர் நிற்க முடியாது. அதனால்தான் மைதானம், சுண்ணாம்புப் பொடி.

காலையில் பிரேயர் முடிந்ததும் சூரியனைப் பார்த்து நிற்கச் சொல்லிக் கிழக்கைப் பிடிப்போம். பிறகு மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரம் வரை சுண்ணாம்பில் வளைந்து நெளிந்து ஒரு கோடு. தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஆற்றின் நீளம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஓர் எட்டுக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் 40 எட்டு. எங்கள் ஆறாம் வகுப்பில் பெரும்பாலும் 40 பிள்ளைகள். ஆளுக்கு ஓர் எட்டு. அளவுத்திட்டம் என்ற பாடம் பின்னால்தான் வரும், ஆனால் அன்றைக்கே அது அவர்கள் காலுக்குப் புரிந்துவிடுகிறது.

குடகில் ஒருத்தி நிற்பாள். அவளுக்குக் கீழே கிருஷ்ணராஜ சாகர், ஒகேனக்கல், பிறகு மேட்டூர். மேட்டூருக்கு மட்டும் நாற்காலி உண்டு. வீடியோவில் இருந்த பையனுக்கு ஒரு காலில் பலம் குறைவு, ஓட முடியாது. போன வருடம் வரை பி.டி. பீரியடில் எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தவன். அணை ஓட வேண்டியதில்லையே! அவன் "நூத்தியிருபது அடி!" என்று கத்திக் கையை உயர்த்தும்வரை ஆறு நகரக் கூடாது. அவனுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கும்போது டெல்டாவில் அவர்கள் அப்பாக்கள் மேட்டூரைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் இப்படித்தான்.

கை உயர்ந்ததும் ஆறு ஓடும். கூடுதுறையில் பவானி வந்து சேரும், கரூர்ப் பக்கம் அமராவதி. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து போகும், நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக இரண்டு பேர் நிற்பார்கள். கல்லணை வந்ததும் ஒரே கூச்சல். காவிரிக்குப் போகிறவர்கள் யார், வெண்ணாற்றுக்கு யார், கல்லணைக் கால்வாய்க்கு யார்? அங்கேதான் நான் கேட்பேன்: "உங்க ஊர் வயலுக்குத் தண்ணி எந்த ஆத்துல வருது?"

ஆறாம் வகுப்புக்கு ஏழெட்டு கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாள் ஒவ்வோர் ஊரும் ஒரு பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்காரும். இந்தக் கேள்விக்குப் பிறகு வரிசை கலைந்துவிடும். குடமுருட்டிப் பிள்ளைகள் ஒரு பக்கம், அரசலாறு ஒரு பக்கம். நீடாமங்கலத்தில் ஆறு பிரியும் இடமான மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும்போது, அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் "மிஸ், இது எங்க ஊர்ல இருக்கு, நான் குதிச்சிருக்கேன்" என்று குதித்தே காட்டினான். கோட்டின் கடைசியில் நின்ற ஒரு பெண் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்க கடைமடை. நீங்க எல்லாம் எடுத்துட்டு மிச்சம் இருந்தாதான் எங்களுக்கு" என்றாள். தலைப்புப் பக்கத்துப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மதியம் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

பயிற்சி வகுப்புகளில் இதற்கு 'ஐஸ் பிரேக்கர்' என்று பெயர் சொல்வார்கள். டெல்டாவில் உடைக்க ஐஸ் ஏது, கூச்சம்தான் இருக்கிறது. அதுவும் வேகமாகத்தான் உடைகிறது, சரியான கேள்வியைக் கேட்டால்.

மறுநாள் அவர்களே ஒரு கேள்வியோடு வருவார்கள். "மிஸ், நம்ம ஊர்ல மழையே இல்ல, ஆத்துல எப்படித் தண்ணி?" புத்தகத்தில் இருக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுப் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பதில்தான். உயரமான பிள்ளைகளைத் தோளோடு தோள் வரிசையாக நிறுத்துவேன், அது மேற்குத் தொடர்ச்சி மலை. மேற்கிலிருந்து வரும் காற்றுப் பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு மக் தண்ணீர். மலையில் மோதினால் அங்கேயே ஊற்றிவிட வேண்டும், தாண்டி வரும்போது மக் காலி. பாலக்காட்டுக் கணவாய்க்காக வரிசையில் ஓர் இடைவெளி உண்டு. அதில் மட்டும் ஓடி வரலாம். ஜூனில் நம் வயலுக்கு மேல் வந்து சேர்வது காலி மக். ஆனால் குடகு மலையில் ஊற்றிய தண்ணீர் கோட்டின் வழியே மேட்டூருக்குப் போகிறது, அங்கிருந்து நமக்கு. யாருக்கோ பெய்த மழையில் நம் குறுவை விளைகிறது. ஐப்பசியில் மறுபடி மைதானத்துக்கு வந்து காற்றைத் திருப்பி வடகிழக்கிலிருந்து ஓடவிடுவோம். அப்போது மக் நிரம்புவது வங்கக் கடலில், நனைவது நாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது என்ற வரியைப் பிறகு நான் மனப்பாடம் செய்யவைக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

பெரிய வகுப்புகளுக்கும் இது பொருந்தும். ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. உங்களில் பலருக்கும் தென்னந்தோப்பு போனது அன்றுதான். அடுத்த ஜூனில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "மிஸ், எங்க தோப்புல பாதி மரம் தெற்கே பார்த்து விழுந்து கிடந்துச்சு. அப்புறம் காத்து நின்னு போச்சு, முடிஞ்சுதுன்னு அப்பா வெளிய போனாரு. திரும்ப அடிச்சப்ப மிச்ச மரமெல்லாம் வடக்கே பார்த்து விழுந்துச்சு. ஏன் ரெண்டு பக்கமும்?"

கரும்பலகையில் படம் போட்டேன். அவளுக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த நேரம் தெளிவாக விளக்க வரவில்லை. சரி என்று மைதானத்துக்குப் போனோம். முப்பது பேர் கை கோத்து வட்டம். நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும், அதனால் அப்படிச் சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே வட்டம் முழுவதும் கடலிலிருந்து மேற்கே நகர வேண்டும். அவளை 'வீடு' என்று ஓர் இடத்தில் அசையாமல் நிறுத்தினேன். வட்டத்தின் முன் விளிம்பு அவளைக் கடந்தபோது பிள்ளைகள் வடக்கிலிருந்து தெற்கே ஓடினார்கள். பிறகு அவள் வட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றாள், சுற்றி யாரும் தொடவில்லை. பிறகு பின் விளிம்பு வந்தது. இப்போது அதே பிள்ளைகள் தெற்கிலிருந்து வடக்கே ஓடினார்கள். அவள் "ஓ!" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நடுவுல காத்து நின்னப்ப அப்பா வெளிய போயிருக்கக் கூடாது" என்றாள். அவள் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. அடுத்த புயலில் அந்த வீட்டில் யாரும் அந்த இடைவெளியில் வெளியே போக மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். இதை எந்த டெஸ்டில் மார்க் போட்டுக் காட்டுவது?

இப்போது சுற்றறிக்கை சொல்லும் மாற்று வழிக்கு வருகிறேன். எழுந்து நின்று பெயர், தெரு, தந்தை பெயர், தந்தையின் தொழில். ஐயா, இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மைதானத்தில் நம் ஊரின் படத்தைப் போட்டு, "அவங்கவங்க தெருவுல போய் நில்லுங்க" என்றேன். நிமிடத்தில் பிள்ளைகள் சாதி சாதியாகப் பிரிந்து நின்றார்கள். ஓர் ஓரத்தில் நாலு பேர் மட்டும், தலையைக் குனிந்துகொண்டு. நான் கேட்டது தெருவை, அவர்களுக்குக் கேட்டது வேறு. அந்தப் படத்தை அன்றே அழித்தேன். ஆற்றைக் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரே ஆற்றில் எல்லாத் தெருவும் இருக்கிறது. அப்பாவின் தொழிலும் அப்படித்தான். அப்பா இல்லாத பிள்ளை, அப்பா திருப்பூரில் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத பிள்ளை, என்ன வேலை என்று சொல்லக் கூசும் பிள்ளை எல்லாம் அந்த நாற்பதில் உண்டு. முதல் நாளே அவர்களை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து அதைச் சொல்லவைப்பதற்கு அறிமுகம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

என் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புக்கு டெஸ்ட் நடக்கும்போது நாங்கள் கல்லணையில் கத்தியது தவறு. கணக்கு ஆசிரியர் கோபப்பட்டது நியாயம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை விழுந்து முட்டி தேய்ந்து, அதன் அம்மா வந்து சத்தம் போட்டார். கையைக் கோத்துக்கொள்ளத் தயங்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். இப்போது கைக்குப் பதில் துண்டு, கயிறு ஏதாவது பிடித்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். முதல் வாரம் நோட்டில் எதுவும் எழுதுவதில்லை என்பதும் உண்மை. வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் வரைபடம் வரையச் சொல்லியிருந்தால் பெற்றோருக்குக் காட்ட ஏதாவது இருந்திருக்கும். இவை சரிசெய்யக்கூடிய குறைகள். இவற்றுக்காக மைதானத்தையே மூட வேண்டியதில்லை.

சட்டமும் என் பக்கம்தான் பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகவும் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பதன் வழியாகவும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, பள்ளி என்றால் இருக்க வேண்டியவற்றில் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்திருக்கிறது. வண்டி நிறுத்துமிடம் அந்தப் பட்டியலில் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் சிறு பிள்ளைகளை ஆடியும் பாடியும் செய்தும் படிக்கவிட்டன. நம்மிடம் ஆறாம் வகுப்புக்கு வருகிறவர்கள் அப்படிப் படித்து வந்த பிள்ளைகள். ஒரு கோடை விடுமுறைக்குள் அவர்களுக்குக் கால் இல்லாமல் போய்விட்டதா?

மார்க் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்தில் இடம் குறிக்கும் கேள்வி இருக்கிறது. மார்ச் மாதத்தில் அதற்காகத் தனி வகுப்பு வைத்து, "புள்ளியை இங்கே வை, அங்கே வை" என்று நாம் மனப்பாடம் செய்யவைக்கிறோம். காவிரியை ஒருமுறை நடந்து பார்த்த பிள்ளை மேட்டூரைத் திருச்சிக்குக் கிழக்கே வைக்காது.

ஆகவே நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையில் மைதானத்தைப் பற்றிய வரியைத் திரும்பப் பெறுங்கள். அறிமுகத்தில் தெரு, தந்தை பெயர், தொழில் கேட்கும் வழக்கத்தை எல்லா வகுப்பிலும் நிறுத்துங்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஆறு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று பீரியட், ஐப்பசியில் இரண்டு பீரியட் மைதானத்தில் எடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும். டெஸ்ட் நாட்களைத் தவிர்த்து, முன்கூட்டியே நேரத்தை எழுதிக்கொடுத்து, பி.டி. ஆசிரியரையும் முதலுதவிப் பெட்டியையும் கூட வைத்துக்கொண்டுதான் நடத்துவேன் என்று நானும் எழுதித் தருகிறேன்.

பேவர் பிளாக்கை நிறுத்தச் சொல்லவில்லை. வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை பதித்துக்கொள்ளுங்கள், வண்டிகளுக்கு அது போதும். கொடிக்கம்பத்திலிருந்து வேப்பமரம் வரை உள்ள 40 எட்டு மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை இரண்டாம் பீரியட் ஆறாம் வகுப்பு எனக்கு. அந்த ஒரு பீரியடுக்கு மட்டும் மைதானத்துக்குப் போக அனுமதி கொடுங்கள். பெற்றோர் குழுவிலிருந்தும் இரண்டு பேரை அழைத்து வாருங்கள், வீடியோ எடுத்தவர் வந்தால் இன்னும் நல்லது. பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், சுண்ணாம்பு ஒட்டும். கரூர்ப் பக்கத்தில் ஆள் குறைகிறது, அமராவதியாக யாராவது நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஆறு முதல் ஒன்பது வரை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியை